கை தூக்கும் விளையாட்டு

வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே அவளுக்கு ஏதோ குறைந்தாற்போல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, அப்படியே நின்று காதைக் கொடுத்தாள். மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்; ஃபிரிட்ஜ் வழக்கம்போல் முனகி, ஒருமுறை குலுங்கி அடங்கியது; தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது; மகள் சிட்டு தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டும் சரசரப்பு கூடக் கேட்டது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சமையலறைக் குழாய் மட்டும் சொட்டவில்லை.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அது சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுக்கு ஒரு தாளம் உண்டு. இரண்டு சொட்டு அடுத்தடுத்து விழும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒன்று தனியாக. மற்றவர்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். அவளுக்கு அது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் காதுகளைச் சோதித்துவிட்டு வருகிறவளுக்கு, தன் காதுக்கென்று இருந்த ஒரே சத்தம் அது.

"குழாயைச் சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

கணவர் அடுப்படியில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் வீட்டு வேலையை முடித்து வைக்கிற மனிதர். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதெல்லாம் அதற்காகத்தான்.

"எந்தக் குழாய்மா?"

"இதுதான். சொட்டிக்கிட்டே இருந்துச்சே."

அவர் குழாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்க்கிறவரின் முகம்.

"இது எப்பம்மா சொட்டிச்சு?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் திரும்பி, "சிட்டு, குழாய் சொட்டிக்கிட்டு இருந்துச்சு இல்ல?" என்றாள். வண்ணப் பென்சில் நின்றது. சிட்டு தலையை நிமிர்த்தி முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியலம்மா."

பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில், சொட்டு விழுந்து விழுந்து பழுப்பேறிய ஒரு கறை இருந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். இருக்கிறது. கண்ணுக்கும் தெரிகிறது, விரலுக்கும் தெரிகிறது. கணவர் பின்னால் வந்து அவள் தோளில் மெல்லக் கை வைத்து, "ரொம்ப அலைச்சல் உனக்கு. போய் உக்காரு, நான் பார்த்துக்கறேன்," என்றார். மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது தொட்டி புதுப் பாத்திரம் போல மின்னிக்கொண்டிருந்தது. கறையைக் காணோம். சமையலறை முழுக்க எலுமிச்சை வாசனையுள்ள சோப்பின் நெடி.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளாலும் சொல்லியிருக்க முடியாது.

பயம் என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் சிக்கலே. அவளுடைய அப்பா கத்துகிறவர். அவர் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், தட்டு பறக்கும், கதவு சுவரில் மோதிக் காரை உதிரும். அக்காவும் அவளும் கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள். பெரியவளானதும் அவள் சத்தத்தை அளக்கிற படிப்பையே எடுத்துப் படித்தாள், அதை வேலையாகவும் ஆக்கிக்கொண்டாள். எவ்வளவு சத்தம் காதைக் கெடுக்கும், எவ்வளவு சத்தம் ஒன்றும் செய்யாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மெல்லிய சத்தத்தால் யாருக்கும் கேடில்லை. அவள் படித்தது அது. அதை வைத்தே புருஷனையும் தேர்ந்தெடுத்தாள், பாவம்.

அவரை முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில். ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வந்திருந்தார். முரட்டு ஆட்களையும் தந்திரக்காரர்களையும் புரிந்துகொள்வது எப்படி என்பது அன்றைக்குப் பாடம். கத்தியே காரியம் சாதிக்கிறவர், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், அழுது சாதிக்கிறவர் என்று ஒவ்வொருவரையும் நடித்தே காட்டினார். நர்சுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கத்துகிறவரை அவர் நடித்தபோது அவளுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இன்னொரு வகை இருக்கு. அவங்களைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஏன்னா அவங்க பக்கத்துல இருக்கும்போது நாம அவங்களைச் சந்தேகப்பட மாட்டோம். நம்மளைத்தான் சந்தேகப்படுவோம்."

அவள் கை தூக்கினாள். "அப்படின்னா எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"நல்ல கேள்வி," என்று அவர் புன்னகை செய்தார். பதில் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "சொன்னேனேம்மா, நீ கவனிக்கல" என்பார். பால் வாங்கச் சொன்னதாகச் சொல்வார், அவள் கேட்டிருக்க மாட்டாள். சாவியை அவள்தான் வாங்கி வைத்ததாகச் சொல்வார். உன் அக்கா போனில் உன்னைப் பற்றி ஒரு மாதிரி பேசினாள், விடு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்பார். என்ன பேசினாள் என்று கேட்டால், "வேண்டாம்மா, நீ தாங்க மாட்டே," என்று தலையைத் தடவுவார். அவள் அக்காவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு விட்டேவிட்டாள். அப்புறம் ஒருநாள், தன் காதில் விழுவதெல்லாம் நிஜமாகவே விழுகிறதா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

குழாய் நின்ற அந்த வாரத்தில்தான், வெளிநோயாளிகளெல்லாம் போன பிறகு, அவள் தன் காதைத் தானே சோதித்துப் பார்த்தாள். மெஷினைச் சொந்தக் காதுக்குத் திருப்புவது அத்தனை சரியான முறையில்லை. ஆனாலும் பார்த்தாள். சின்னப் பிள்ளையின் காது. குண்டூசி விழுந்தால் அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுகிற காது. காதில் கோளாறு இல்லையென்றால் கோளாறு வேறெங்கே என்ற கேள்வி அந்தச் சின்ன அறைக்குள்ளேயே அவளைப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து அழுதாள். ஒலி புகாத அறை. அழுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த அறையை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பூத் என்பார்கள். தடித்த கதவு, உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மேஜையில் மெஷின். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், எவ்வளவு சன்னமாகக் கேட்டாலும் தூக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தொழில் தெரிந்தவர்கள் நடுவில் ஒரு காரியம் செய்வார்கள். சத்தமே தராமல் சும்மா காத்திருப்பார்கள். அப்போதும் சிலர் கையைத் தூக்குவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இந்தாளு பொய் சொல்றாரு," என்பார்கள். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். "பொய் இல்ல, பயம். தப்பாயிடுமோன்னு பயந்தவங்களுக்கு இல்லாத சத்தமும் கேக்கும்," என்பாள்.

சிட்டுவுக்கும் அதை விளையாட்டாகக் கற்றுக்கொடுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு சிட்டு உட்காருவாள். அம்மா டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள், சன்னமாக, இன்னும் சன்னமாக. திடீரென்று தட்டாமல் இருந்துவிடுவாள். சிட்டுவின் சின்னக் கை தயங்கித் தயங்கி மேலே வரும். "ஏமாந்துட்டியா!" என்று அம்மா கிச்சுகிச்சு மூட்ட, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு உருளுவார்கள். அவள் வாழ்க்கையில் சந்தேகமில்லாமல் சந்தோஷமாக இருந்தது அந்த நேரங்களில்தான்.

அந்த விளையாட்டை அவள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் விளையாடினாள். யோசித்துச் செய்ததில்லை. பரிமாறிக்கொண்டே வாய் தானாகச் சொன்னது.

"ஜன்னல் கொக்கி உடைஞ்சிருக்குன்னு நேத்து சொன்னீங்களே, ஆளுக்குச் சொல்லிட்டீங்களா?"

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கொக்கி உடையவும் இல்லை. சாயங்காலம்தான் அவளே அந்த ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டியிருந்தாள். சத்தமில்லாத இடைவெளி. அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ரெண்டு தரம் சொன்னேன்மா," என்றார் அவர், கண்ணிமைக்காமல். "மொதல் தரம் நீ காதுலயே வாங்கல."

அவளுக்கு வந்தது பயமில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷம். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. என் காது சரி. என் புத்தி சரி. கை தூக்கியது அவர். ஆனால் பயந்து தூக்கிய கை அல்ல அது. இல்லை என்று தெரிந்தே தூக்கிய கை. அது உறைக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமாம்மா. அப்பா சொன்னாங்க. நான் இங்கதான் இருந்தேன்."

சிட்டு தட்டிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, குரலைத் தாழ்த்தி. காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்க்கிற அதே முகம், எட்டு வயது முகத்தில்.

நெஞ்சு உடைந்துபோனது என்பார்களே, அப்போது ஒரு சத்தமும் கேட்காது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு முடித்தாள். தண்ணீர் குடித்தாள். "மறந்துட்டேன் போல," என்றுகூடச் சொன்னாள்.

விடிந்ததும் முதல் வேலையாக ஜன்னலிடம் போனாள். கொக்கி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்த இடத்தில் இரும்பு புத்தம்புதிதாக வெளுத்திருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தாள். எத்தனை மாதத்துக்கப்புறம். அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலடி. சத்தியமா சொல்லல."

"தெரியும்க்கா."

"அப்பா கத்துனப்ப ஊரே கேட்டுச்சு. யாராச்சும் ஓடி வந்தாங்க. உன் வீட்டுல நடக்கறது யாருக்குடி கேக்கும்?" அக்கா மூச்சை இழுத்து நிதானப்படுத்திக்கொண்டாள். "பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துரு. சனிக்கிழமை அரை நாள்தானே உனக்கு? மத்தியானம் பஸ் ஏறிரு. நான் ஸ்டாண்டுல நிக்கறேன்."

"சிட்டு வருவாளாக்கா?"

"அம்மா கூப்பிட்டா வராமப் போயிருவாளா?"

இரண்டு பேருக்கான துணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய், மெஷின் மேஜைக்கு அடியில் ஒரு பையில் சேர்த்தாள். கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி உண்டு. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பதால் எல்லோருக்கும் அவள் ரேடியோ. "என்னக்கா, கடை வைக்கப் போறியா?" என்று பையைக் காலால் தள்ளிக் கேட்டாள் ரேடியோ. அவள் சிரித்து மழுப்பினாள். ரேடியோவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கணவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சிட்டுவை மடியில் இழுத்து உட்காரவைத்தாள். பிள்ளையின் தலைமுடியில் பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புத் தூளின் வாசனையும் வெயிலின் வாசனையும் இருந்தன.

"நாளைக்கு நாம பெரியம்மா வீட்டுக்குப் போறோம். நீயும் நானும்."

"அப்பா?"

"அப்பா அப்புறம் வருவாங்க."

சிட்டு யோசித்தாள். "அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

"கூடாதுடா. இது நம்ம ரகசியம்."

பிள்ளைக்குப் பொய் கற்றுக்கொடுக்கிறோமே என்று மனசு குத்தியது. சிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், இறுக்கமாக, வெகுநேரம். முதுகில் சின்னக் கை தட்டிக்கொடுத்தது. "நான் பார்த்துக்கறேன்மா," என்றாள் சிட்டு.

விளக்கணைத்துப் படுத்த பிறகு, சிட்டுவுக்குக் கதை சொல்ல அப்பா போனார். அது தினப்படி வழக்கம். அவள் தன் அறையில் படுத்தபடி கேட்டாள். கேட்காமல் அவளால் இருக்க முடியாது. ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது. மாடியில் நடமாட்டம் ஓய்ந்தது. சுவருக்கு அப்பால் இரண்டு குரல்கள், இரண்டும் தாழ்ந்து, இரண்டும் நிதானமாக, மாறி மாறி. சொற்கள் கேட்கவில்லை. ஓசையின் ஏற்ற இறக்கம் மட்டும். ஒன்று ஆண் குரல், ஒன்று குழந்தைக் குரல். பிரித்துச் சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆயிரக்கணக்கான காதுகளைச் சோதித்தவள் அவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்படியும் எது யாருடையது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை வெளிநோயாளிகள் சீக்கிரம் தீர்ந்துவிட்டார்கள். சிட்டுவைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு நேரே பஸ் ஏறுவது என்பதுதான் ஏற்பாடு. அவள் மேஜைக்கடியில் குனிந்து பையை இழுத்தபோது அறைக் கதவு திறந்தது. எலுமிச்சை வாசனை. முதலில் அதுதான் வந்தது.

கணவர் நின்றிருந்தார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சிட்டு. அவர்களுக்குப் பின்னால் காது மூக்கு தொண்டைப் பிரிவின் பெரிய டாக்டர், அவருக்குப் பின்னால் ரேடியோ. ரேடியோவின் வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவள் பையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உக்காரும்மா," என்றார் டாக்டர். நல்ல மனுஷர், சங்கடத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உன் வீட்டுக்காரர் எல்லாம் சொன்னாரு. காது சரியாக் கேக்கலைன்னா மறைக்கறதுக்கு என்ன இருக்கு? இல்ல, கேக்காதது கேக்குதுன்னா அதையும் பார்க்கணும். உன் காதையே நீ நம்ப முடியலைன்னா, நான் எப்படிம்மா உன்னை இந்த நாற்காலியில உக்கார வைக்கறது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்."

"இருக்கக் கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கறேன்," என்றார் கணவர். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "ஒரு டெஸ்ட் எடுத்துரலாம் டாக்டர். எல்லாம் சரியா இருந்தா, நானே இவளையும் சிட்டுவையும் இவ அக்கா வீட்டுல கொண்டு விட்டுட்டு வரேன். பை கூட ரெடியா இருக்கு." மேஜைக்கடியில் இருந்த பையை அவர் பார்க்கவே இல்லை. "ஆனா ஏதாவது இருந்துச்சுன்னா, பிள்ளையை இவகூடத் தனியா அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க."

டாக்டர் தலையாட்டினார். யார்தான் தப்பாக நினைப்பார்கள்?

அவள் சிட்டுவைப் பார்த்தாள். சிட்டு தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவும் தோன்றவில்லை, அள்ளி எடுத்துக்கொள்ளத்தான் கை துடித்தது. எட்டு வயதுப் பிள்ளை ரகசியத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

சரி, வரட்டும். அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. இந்த ஒரு பரீட்சையில் அவளை யாரும் தோற்கடிக்க முடியாது. குண்டூசி விழுந்தாலும் கேட்கிற காது. அரைமணி நேரம் கையைத் தூக்கி இறக்கினால் மகளோடு பஸ் ஏறிவிடலாம். ஸ்டாண்டில் அக்கா நிற்பாள்.

"எடுங்க டாக்டர்," என்று தானே பூத்துக்குள் போனாள்.

தடித்த கதவு சாத்திக்கொண்டபோது உலகம் பட்டென்று அறுந்தது. ஹெட்போனின் மெத்தை இரண்டு காதையும் அமுக்கியது. தன் எச்சிலை விழுங்கும் சத்தம், நாற்காலியின் ரெக்சின் நெறிபடும் சத்தம், நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம். எத்தனையோ பேரை இங்கே உட்காரவைத்திருக்கிறாள். உள்ளே இருப்பது இவ்வளவு தனிமை என்று அவர்களில் ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோ மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ரேடியோவின் கைகள் மெஷினுக்குப் பின்னால் மறைந்திருந்தன. அது சரிதான், பொத்தானை அமுக்குவது உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது.

முதல் சத்தம் வந்தது. கை தூக்கினாள். அடுத்தது, சன்னமாக. தூக்கினாள். கொசு மூச்சு விடுகிற மாதிரி ஒன்று. தூக்கினாள். ரேடியோ நிமிர்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். டாக்டரின் முகம் தெளிந்தது. அவள் அழாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். போய்விடலாம். போய்விடலாம்.

அப்போது கணவர் டாக்டரிடம் குனிந்து ஏதோ சொன்னார். டாக்டர் ரேடியோவைக் கூப்பிட்டார். மூன்று பேரும் கதவுப் பக்கமாக நகர்ந்து நின்று பேசினார்கள். மூன்று வாய்களும் அசைந்தன. ஒரு சத்தமும் இல்லை.

காலி நாற்காலியில் சிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

லீவு நாட்களில் அம்மாவோடு வரும்போது அவள் உட்காருகிற நாற்காலிதான். பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியும். அவள் கைகள் மெஷினுக்குப் பின்னால் போயின. மறைந்தன.

அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

அவள் காத்திருந்தாள். நெஞ்சுத் துடிப்பு. எச்சில். ரெக்சின். ஒன்றுமில்லை. சிட்டுவின் புருவம் லேசாக உயர்ந்தது. தலை சாய்ந்தது. உதடுகள் அசைந்தன, நிதானமாக, கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து படிக்க முடிகிறாற்போல.

கேக்கலையாம்மா?

இல்லை. கேட்கவில்லை. சத்தம் இல்லை. பொத்தானை அமுக்கவில்லை நீ. அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்?

தெரியுமா?

அமுக்கியிருந்தால்? சத்தம் வந்துகொண்டிருந்தால்? குழாய் சொட்டவே இல்லையோ? கொக்கி முன்னாலேயே உடைந்திருந்ததோ?

சிட்டு காத்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அந்த இரண்டு கண்களும் எதையோ எதிர்பார்த்து விரிந்திருந்தன. டம்ளரும் ஸ்பூனுமாக உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில் அவை அப்படித்தான் விரியும். ஒருவேளை பிள்ளை விளையாடுகிறாளோ. பழைய விளையாட்டுத்தானோ. நம் விளையாட்டு. கை தூக்கினால் சிரிப்பாளோ. கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாளோ.

அந்தச் சிரிப்பை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

கை மேலே போனது.

சிட்டு சிரிக்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா டாக்டரின் முழங்கையை மெல்லத் தொட்டுக் கண்ணாடியைக் காட்டினார். டாக்டர் பார்த்தார். ரேடியோ பார்த்தாள். ரேடியோ ஓடி வந்து மெஷினைக் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மெஷினின் ஒயரைக் கையில் எடுத்து டாக்டரிடம் காட்டினாள். ஒயர் சுவரிலிருந்து கழன்று கிடந்தது.

கணவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. டாக்டர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

சிட்டு மட்டும் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்ன வாய் திறந்து மூடியது.

ஏமாந்துட்டியா.

அவள் கை மேலேயே இருந்தது. தோள் கடுத்தது, விரல்கள் மரத்தன. இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு அப்பால் நின்றவர்களைப் பார்த்தபடி, யாராவது இறக்கச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள்.